கொடியின் மேல் குற்றமில்லை

"கொடி கொல்லை கொள்ளாமல் படர்ந்திருக்கிறது; பூவும் நிறையப் பூக்கிறது; ஆனால் ஒரு பிஞ்சாவது தங்க வேண்டுமே!" பூசணிக்கொடி போட்டவர்கள் இப்படிக் குறைப்படாத வருஷம் கிடையாது. முதலில் எரு போதாது என்பார்கள். பிறகு கண் பட்டுவிட்டது என்பார்கள். கடைசியில், "இது மலட்டுக் கொடி, பிடுங்கிப் போடு!" என்று தீர்ப்பாகிவிடும்.

தீர்ப்புச் சொல்லுமுன் விடியற்காலையில் ஒரு தடவை கொடியண்டை போய்ப் பாருங்கள், சகோதரிகளே! ஒரே கொடியில் இரண்டு விதப் பூக்கள் இருக்கும். நீளமான, மெல்லிய காம்பின் நுனியில் நிற்பது ஆண் பூ. குட்டையான காம்பில், இதழுக்குக் கீழே நெல்லிக்காய் போல ஒரு குட்டிப் பிஞ்சைச் சுமந்துகொண்டிருப்பது பெண் பூ. பெரும்பாலும் ஆண் பூக்களே முதலில் வரும். பெண் பூ தலைகாட்டச் சில நாட்கள் ஆகும். மார்கழியில் கோலத்துச் சாணியில் செருகப் பூப் பறிக்கும்போது, விவரம் தெரிந்த பாட்டிமார் காம்பைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள்.

ஆண் பூவின் மஞ்சள் தூள் பெண் பூவின் நடுவிலுள்ள முடிச்சில் படவேண்டும். பட்டால்தான் பிஞ்சு காயாகும். இந்தத் தூள் பிசுபிசுப்பும் கனமும் உள்ளது. காற்று அதைக் கொண்டு போய்ச் சேர்க்காது. தேனீதான் சேர்க்கவேண்டும். பூவோ விடியற்காலையில் மலர்ந்து, வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். பட்டணத்து மொட்டை மாடியில் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ வந்து சேராவிட்டால், பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். தண்ணீர்க் குறைவாலும் பிஞ்சு உதிர்வது உண்டு. என்றாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பரிகாரம் எளிது. காலையில் அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, தூள் படிந்த நடுத் தண்டைப் பெண் பூவின் முடிச்சில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். சில நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்கும்.

செடியிலும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனி தேசத்து டூபிங்கன் நகரில் இருந்த காமெராரியஸ். ஆமணக்குச் செடியில் ஆண் பூக்களை மட்டும் கிள்ளிவிட்டுப் பார்த்தார். நல்ல விதை உண்டாகவில்லை. இதை அவர் 1694-ல் எழுதி வைத்தார். முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும், மனிதர் விஷயத்தில் இந்தப் பாடம் நமக்கு இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகள் வந்து நாலு வருஷம். அவள் சுற்றாத அரசமரம் இல்லை. இருக்காத விரதம் இல்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி எல்லாம் அவளுக்கே. விசேஷ வீடுகளில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று போவதையே நிறுத்திவிட்டாள். அந்த வீட்டு மாமி பூசணிக்குக் கையால் தூள் தடவப் பழகியவர். ஒரு நாள் மகனைக் கூப்பிட்டு, "ஏண்டா, இத்தனை நாளாய் அவளையே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறோமே, உன்னை யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டாராம். மகனுக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம், மறு வாரம் போனான். கோளாறு அவனிடம்தான் இருந்தது. சிகிச்சை நடக்கிறது. குழந்தை பிறக்குமோ, பிறக்காதோ, சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பெண் இப்போது நாலு பேர் நடுவில் நிமிர்ந்து உட்காருகிறாள்.

ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிரமம் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது. இப்படிச் சிரமப்படும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் கணவன் பக்கத்திலும் காரணம் இருப்பதாக டாக்டர்கள் சொல்கிறார்கள். கணவனுக்கு முதலில் செய்யும் சோதனை சுலபமானது, வலியில்லாதது. ஒரு வருஷம் ஆகியும் கரு தங்கவில்லையானால், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போவதுதான் முறை.

மாமியார்மாரே, இதை உங்கள் பிள்ளையிடம் நீங்கள் சொன்னால்தான் எடுபடும். மருமகள் சொன்னால் வம்பாகும். அண்டை வீட்டார் சொன்னால் அவமானமாகும். பூசணிக்குக் காட்டும் நியாயத்தை வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் காட்டுங்கள். 'மலடி' என்ற சொல்லை வீட்டுக்குள் அண்ட விடாதீர்கள்!