தமிழர் என்பது அடையாளம், குடிமகன் என்பது சட்டம்

தும்பலஅள்ளி, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு. தர்மபுரி மாவட்டக்காரர்களுக்கு இவை அணைகளின் பெயர்கள். அந்த அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதும் சுற்றுவட்டாரத்துக்குத் தெரியும். முகாம் ஆட்கள் கூலி வேலைக்கு ஊருக்குள் வருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இத்தனை காலம் பழகிவிட்டதால், தேர்தல் நேரத்தில் டீக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “அவங்களும் தமிழங்கதானே, அவங்களுக்கு ஏன் ஓட்டு இல்ல?”

கேள்வியில் பாசம் இருக்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒருவர் எந்த இனம் என்பதற்கும் எந்த நாட்டின் குடிமகன் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். தர்மபுரியிலேயே வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். அவர்களை யாரும் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதில்லை. தமிழைத் தவிர வேறு மொழி அறியாத, இதே மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த முகாம் இளைஞரோ சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? பெரும்பாலும் தேதிகள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. ஆக, 1984இல் வந்த ஒரு தம்பதிக்கு 1986இல் முகாமில் மகளும் 1988இல் மகனும் பிறந்திருந்தால், அக்கா இந்தியர், தம்பி அல்ல. இது வெறும் கணக்கு இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார்.

“ஆதார் அட்டைதான் இருக்கிறதே” என்பார்கள். ஆதார், இங்கே வசிக்கிறார் என்பதற்கான அடையாளம் மட்டுமே. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, புது வீடுகளை அறிவித்தது, குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தியது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. தண்டனை இல்லை என்பதால் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று ஆகாது.

முகாமுக்குள்ளும் எல்லோர் கதையும் ஒன்றல்ல. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று வடக்கு கிழக்கிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் இலங்கைக் குடிமக்கள். மலையகத் தமிழர்களின் கதை வேறு. அவர்களுடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து காபி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். அந்தப் பழைய சேலத்துக்குள்தான் 1965 வரை தர்மபுரியும் இருந்தது. சுதந்திர இலங்கை 1948இல் கொண்டுவந்த சட்டம், தந்தை வழியில் இலங்கைப் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே வாழ்ந்தவர்களிடம் ஏது காகிதம்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காலத்து ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றபோது அந்தக் கணக்கு முடியாமலேயே நின்றுபோனது. இந்த வம்சாவளியில் வந்தவர்களுக்கு இந்தியா கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. அவர்களையும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற ஒரே பட்டியலில் அடைப்பது சரியல்ல.

இனத்தையும் நாட்டுரிமையையும் குழப்பிக்கொண்டது நாம் மட்டுமல்ல. தென்கிழக்காசியாவில் குடியேறிய சீனர்களை, ரத்த உறவின் அடிப்படையில் சீனா தன் குடிமக்களாகவே நெடுங்காலம் கருதியது. அதனால் அவர்கள் வாழ்ந்த நாடுகள் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தன. 1955இல் பாண்டுங் மாநாட்டின்போது சீனாவும் இந்தோனேசியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. இரட்டைக் குடியுரிமை கூடாது, ஏதாவது ஒன்றை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். 1980இல் சீனா தன் சட்டத்திலேயே இரட்டைக் குடியுரிமை இல்லை என்று எழுதிவிட்டது. இன்று பினாங்கில் ஒரு சீனர் தன் மொழியையும் சாமியையும் விடாமல் மலேசியக் குடிமகனாக இருக்கிறார். பக்கத்துத் தெருத் தமிழரும் அப்படியே.

குழப்பம் எதிர்த்திசையிலும் போகும். 1962 இந்திய–சீனப் போரின்போது இந்தியாவில் இருந்த சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் இந்தியக் குடிமக்களும் இருந்தார்கள். முகத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்தால் குடியுரிமைக்கே மதிப்பில்லாமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

ஆகவே “தமிழர்தானே” என்ற வாதம் பலவீனமானது. இனத்தைக் காட்டிக் குடியுரிமை கேட்டால், இனத்தைக் காட்டிக் குடியுரிமை மறுப்பவருக்கும் நாமே வழிவிட்டதாகும். முகாமில் இருப்பவர்களுக்கு அதைவிட வலுவான நியாயங்கள் உண்டு: சிலருக்கு 1987க்கு முந்தைய பிறப்பு, சிலருக்கு 1964 ஒப்பந்தம், மற்றவர்களுக்கு ஒரு தலைமுறைக்கும் மேலான வாழ்க்கை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியாத பிள்ளைகளுக்கோ எந்த நாட்டுக் காகிதமும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். முகாம் முகாமாக, குடும்பம் குடும்பமாக, யார் எந்த வகையில் வருகிறார் என்று பிரித்துப் பதிய வேண்டும். முதல் வகையினருக்கு பாஸ்போர்ட்டும் வாக்காளர் அட்டையும் கோர்ட் படி ஏறாமலேயே கிடைக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர்களின் பழைய கோப்புகளைத் திறக்க வேண்டும். மற்றவர்களிடம் திரும்பிப் போக விருப்பமா, இங்கேயே இருக்க விருப்பமா என்று கேட்டு, இருக்க விரும்புவோர் விண்ணப்பிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் இடம் தர வேண்டும். முப்பது, நாற்பது வருடங்களாக அவர்கள் சார்பில் எல்லோரும் பேசிவிட்டார்கள். அவர்கள் விருப்பத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலைதான் பாக்கி.