வண்டியில் விழும் வெண்புள்ளி

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே முன்பெல்லாம் நினைவுக்கு வரும். இப்பொழுதோ மோட்டார் வண்டிகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ஆம் வருஷம் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில், மாதத் தவணை கட்டி வாங்கிய கார்கள் பல வாசலில் நிற்கின்றன.

கார் தொழிற்சாலைகளில் வர்ணம் பூசுமுன் வண்டியின் உடலைக் கடைசியாக அலசுவது உப்பு நீக்கிய சுத்த ஜலத்தினால். அவ்வளவு சீராட்டி வளர்த்த குழந்தை, புகுந்த வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் ஸ்நானம் செய்கிறது! சில மாதங்களில் கண்ணாடியிலும் வர்ணத்திலும் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. எத்தனை தேய்த்தாலும் போவதில்லை.

இப்புள்ளிகள் எங்கிருந்து வந்தன? மழை ஜலம் பூமிக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்ஸியம், மக்னீஸியம் முதலிய உப்புக்களைக் கரைத்துக் கொள்கிறது. அந்த ஜலம் வெயிலில் காயும்போது வாயு பறந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து மட்டும் தங்கிவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் இதுவே. ஆந்திராவின் போரா குகைகளில் தொங்கும் சுண்ணாம்புத் தூண்களும் இதே ரஸாயனத்தின் வேலைதான்.

குடிநீரின் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்றும், வேறு ஜலமே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக் கொள்ளலாமென்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 600 உள்ள ஜலத்தில் 15 லிட்டர் வாளி ஒன்றை எடுத்தால், அதில் 9 கிராம் சுண்ணாம்புச் சத்து ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இது அழகு பற்றிய விஷயம் மட்டுமன்று. சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் இரவு நேரத்தில் எதிரே லாரி விளக்கு அடிக்கும்போது, முன்கண்ணாடியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒளியைச் சிதறடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். ஓட்டுகிறவர் அரை நிமிஷம் குருடராகிவிட்டால், சைக்கிளில் செல்லும் ஷிப்டுத் தொழிலாளியின் கதி என்ன?

பரிகாரம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கும் பெண்மணிகள் அமிலத்தின் குணத்தை நன்கறிவார்கள். ஆனால் புளியையும் நாரையும் கொண்டு காரைத் தேய்க்க வேண்டாம், கீறல் விழும். முதலில் தூசி போக வண்டியை நிழலில் வைத்துக் கழுவ வேண்டும். வெள்ளைக் காடியும் (வினிகர்) நல்ல ஜலமும் சம அளவு கலந்து, மெல்லிய துணியை நனைத்துக் கறையின் மேல் இரண்டு நிமிஷம் போட்டு வைக்க வேண்டும். காய விடாமல் துடைத்து, ஜலம் விட்டு அலசி, உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். மறைவான ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பது உத்தமம். வெயிலில் சுட்டிருக்கும் தகட்டில் காடி கூடாது. காடியுடன் ப்ளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது. விஷ வாயு எழும்.

பல மாதம் விட்டுவைத்த கறை மேலே படிந்ததோடு நில்லாது உள்ளேயும் அரித்திருக்கும். அப்பொழுது காடி பலிக்காது. கண்ணாடியை ஸீரியம் ஆக்ஸைடு என்னும் பொடியை ஜலத்தில் குழைத்து மெருகிட வேண்டும். வர்ணத்தின் மேலுள்ள பளபளப்புப் பூச்சோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமே உள்ளது. ஒவ்வொரு மெருகும் அதைச் சிறிது தேய்த்துவிடும். ஆகையால் அந்த வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே விவேகம். நொடியில் கறை போக்கும் என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. அது கண்ணாடியையே அரிக்கும். தோல் வழியே புகுந்து எலும்பையும் தாக்கும். வண்டி துடைக்கும் பையன் கையில் அதைக் கொடுப்பது பாவம்.

சிக்கனமுள்ள குடும்பங்களில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒதுக்கும் ஜலத்தைப் பிடித்துக் காரைக் கழுவுகிறார்கள். எண்ணம் நல்லது, இடம்தான் தவறு. குடிப்பதற்கு ஆகாத உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்த ஜலத்தில்தான். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அதை உபயோகிக்கலாம்.

காருக்கு ஏற்ற ஜலம் வேறொன்று உண்டு. 2003-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். மாடியிலிருந்து வடியும் மழையில், முதல் அழுக்கு போனபின் ஒரு தொட்டி பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால், கடைசியாக அலசுவதற்கு அதில் ஒரு வாளி போதும். துடைத்து உலர்த்தினால் புள்ளியே விழாது. மீதி மழையும் கிணற்றுக்குள் இறங்கட்டும். அடுத்த கோடையில் வண்டிக்கு ஜலம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, குழந்தைகளுக்கு வேண்டுமல்லவா?