தலையளவும் மூளையளவும்: நீலகிரிப் பன்மொழி ஆய்வு குறித்து ஒரு கருத்துரை

நீலகிரி மக்களின் தலையை அளக்கும் முயற்சி புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தோடர், கோத்தர் ஆகியோரின் உடலளவுகளை எடுத்து 1896இல் வெளியிட்டார். 1901–02இல் அங்குக் களப்பணி செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், தோடரின் பார்வை முதலிய புலன்களைச் சோதித்தார். தர்ஸ்டனின் குறை கருவியில் இல்லை. அளக்கும் முன்பே மக்களை வகைப்படுத்திவிட்டு, அளவுகளை அவ்வகைகளுக்குச் சான்றாக்கியதே குறை.

எம்.ஆர்.ஐ. படிமங்களிலிருந்து மூளையின் கட்டமைப்பை அளக்கும் ஃப்ரீசர்ஃபர், எஸ்பிஎம், எஃப்எஸ்எல் ஆகிய மென்பொருள்கள் இன்று பன்மொழியாளர் குறித்த ஆய்வுகளிலும் பயன்படுகின்றன. மூளைப் பகுதிகளின் கன அளவையும், சில மில்லிமீட்டரே உள்ள புறணியின் தடிமனையும் அவற்றால் கணிக்கலாம். பல திராவிட மொழிகள் அருகருகே வழங்கும் நீலகிரி இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமே. எனினும் தமிழாய்வுலகம் முன்கூட்டியே வலியுறுத்த வேண்டியவை மூன்று உள.

முதலாவது, ஒப்பீட்டு அளவுகோல். பரவலாகக் கையாளப்படும் எம்என்ஐ 152 வார்ப்புரு, மான்ட்ரியாலில் 152 பேரின் படிமங்களைச் சராசரியாக்கி உருவானது. இந்தியர் 100 பேரின் படிமங்களிலிருந்து ஹைதராபாத் ஐஐஐடி குழுவினர் 2019இல் அறிவித்த வார்ப்புருவில், மூளையின் சராசரி உயரம், அகலம், கன அளவு ஆகியன அதனினும் சிறியனவாக அமைந்தன. இவ்விந்தியச் சராசரியும் நீலகிரியின் சிறு சமூகங்களுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

இரண்டாவது, பதிப்புக் குறிப்பு. ஒரே படிமத்திற்கு ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளும் வெவ்வேறு கணினி இயங்குதளங்களும் வெவ்வேறு அளவுகளைத் தருவதை 2012இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. சுவடி விவரமும் பாடவேறுபாடும் குறிக்காத பதிப்பைத் தமிழறிஞர் ஏற்பதில்லை. அதே ஒழுங்கு இங்கும் வேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது: 'பன்மொழியாளர்' என்னும் வகைப்பாடு. படுகு தனிமொழி என்பாரும் கன்னடத்தின் கிளைமொழி என்பாரும் உளர். இதில் எம்முடிவைக் கொள்வது என்பதைப் பொறுத்து, படுகும் கன்னடமும் தமிழும் அறிந்த ஒருவர் இருமொழியரோ மும்மொழியரோ ஆவார். இதை மென்பொருள் முடிவு செய்யாது. மேலும், எழுத்து வழக்கு இல்லாது வளர்ந்த தோட, கோத்த மொழிகளைப் பேசுவோரின் மொழித்திறனை வாசிப்புத் தேர்வால் அறிய முற்பட்டால், அறியப்படுவது மொழித்திறன் அன்று, பள்ளிக் கல்வியே. அவ்வேறுபாடு பின்னர் மூளையின் வேறுபாடாகப் பதிவாகிவிடும்.

இது மருத்துவத் துறையினர் பணி எனத் தமிழ்த்துறைகள் ஒதுங்குதல் தகாது. எமனோ 1930களில் நீலகிரியில் தொடங்கிய மொழிக் களப்பணியின் தொடர்ச்சியாக, பேச்சுவழியே மொழிவரலாற்றை அறியும் வினாநிரல்களைத் திராவிட மொழியியலாளர் ஆக்கித்தர வேண்டும். ஆய்வின் நோக்கமும் முடிவும் அவ்வச் சமூகத்தின் மொழியிலேயே அவர்களுக்கு விளக்கப்பட வேண்டும். இவையின்றி எடுக்கப்படும் அளவுகள், எத்துணை நுண்ணியவாயினும், 1896இன் பிழையையே மீண்டும் செய்வனவாகும்.