எந்த ஊர் என்பது மட்டுமா கேள்வி?

"சென்னையா, பெங்களூரா? கம்ப்யூட்டர் படித்த பிள்ளை எங்கே போனால் முன்னுக்கு வரும்?" பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கடன்பட்டுப் படிக்கவைத்த கூலித் தொழிலாளி கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

சம்பளத்தை ஒப்பிடுகிறார்கள், வாடகையை ஒப்பிடுகிறார்கள். உரிமையை ஒப்பிடுவார் உண்டா? ஐ.டி. ஊழியர் சங்கம் அமைக்கலாம் என்று 2016-ல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. கர்நாடக அரசோ, நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐ.டி. கம்பெனிகளுக்குத் தந்த விலக்கை 2024-ல் மேலும் ஐந்தாண்டு நீட்டித்தது. வேலை நேரத்தையும் வேலைநீக்க முறையையும் எழுத்தில் வைக்கச் சொன்ன சட்டம் அது!

சென்னை போனால் மட்டும் போதுமா? சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்ததே, ஊர் பார்த்தா கத்தி விழுந்தது? சட்டத்தில் உரிமை இருந்தும் சங்கம் இல்லையேல் அது வெறும் காகிதம்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி நகரத்து மாடிகளாக எழுகிறது. கல்லும் போகிறது, பிள்ளையும் போகிறது! விழுப்புரத்தில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். நம் மாவட்டங்களிலும் அத்தகைய வேலை வளரவேண்டும் என்று கேட்போம்.

தோழர்களே! பிள்ளை எந்த ஊருக்கு ரயில் ஏறினாலும் சொல்லி அனுப்புங்கள்: முதல் மாதச் சம்பளத்திலேயே சங்கச் சந்தா கட்டு!