கலை பயில விழைவார்க்குக் கடன் எதற்கு?

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவு வெளிவரும் நாள்களில் தமிழ்நாட்டு நாளிதழ்களில் பக்கம் பக்கமாகக் கல்லூரி விளம்பரங்கள் நிறைகின்றன. வானளாவிய கட்டடம், பசும்புல் வெளி, கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர், அவர் தலைக்குமேல் ஆங்கிலத்தில் ஒரு முழக்கம்! தமிழ் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு மூலையிலும் இராது. ஓவியத்தில் கைவந்த, மொழிகளில் நாட்டமுள்ள, கடல்கடந்து சென்று பயில வேண்டுமென்னும் அவாவுடைய பிள்ளையைப் பெற்ற ஏழைத் தந்தை இவற்றைப் பார்த்துவிட்டு இரண்டிலொன்றைச் செய்கிறார். நிலத்தை அடகு வைத்துத் தனியார் கல்லூரியொன்றில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார், அன்றேல், "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று அதட்டித் தூரிகையைப் பிடுங்கி எறிகிறார். முன்னது குடும்பத்தைக் கெடுக்கின்றது; பின்னது பிள்ளையைக் கெடுக்கின்றது.

இவ்விரண்டுக்கும் தேவையே இல்லை. கலைக்கல்விக்குத் தமிழ்நாட்டில் அரசு நடத்தும் கல்லூரிகள் உள்ளன என்பதே பலர்க்குத் தெரியவில்லை. சென்னை எழும்பூர்ப் பகுதியிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்று, 1852இல் அரசால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த இராய் சௌதுரி, 1929 முதல் 1957 வரை அதன் தலைவராக இருந்தவர். அவருக்குப்பின் வந்த பணிக்கர்தாம் 1966இல் சோழமண்டல ஓவியர் சிற்றூர் உருவாகக் கரணியமானவர். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம் கோட்டோவியம் கற்றதும் அக்கல்லூரியிலேயே. அங்கே மாணவராய் நுழைந்த தனபால் அங்கேயே ஆசிரியராகிப் பின் முதல்வருமானார். இவர்களுள் எவரும் இலக்கக்கணக்கில் நன்கொடை கொடுத்துக் கலை கற்றாரல்லர்.

குடந்தையில் மற்றோர் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. மாமல்லையில் 1957இல் தோன்றிய கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி உண்டு. குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையைச் சமைத்த கணபதியார் அதன் முதல்வராய் விளங்கியவர். (உளி பிடிக்கும் கை தமிழனதாயிருக்க, கற்பிக்கும் நூல்களின் பெயர் மட்டும் வடமொழியில் வழங்குவது தனியே எழுதப்பெற வேண்டிய கொடுமை.) புதுவையை அடுத்த அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் உள்ளது. அதனை இங்குக் குறிப்பதற்குத் தனிக் கரணியம் உண்டு. பிரெஞ்சு மொழியைக் கற்பிக்கும் நிறுவனங்கள் அதனின்று சில கல் தொலைவிலேயே, புதுவை நகரில் இருக்கின்றன. பகலில் ஓவியமும் மாலையில் பிரெஞ்சும் ஓரூரிலேயே பயிலும் வாய்ப்பு வேறெங்கும் எளிதிற் கிட்டுவதன்று. இடங்கள் யார் யார்க்கு எவ்வளவு என்பதை மட்டும் முன்னரே கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கு அத்தகைய திட்டம் 2024 ஆகத்திலும் தொடங்கப்பெற்றன. பெரிய தொகையன்றெனினும், வண்ணமும் தாளும் வாங்கப் போதும்.

இனி, வெளிநாட்டுக் கல்வி. இங்கேதான் தமிழர் கண்களை ஆங்கில மயக்கம் மறைத்து நிற்கின்றது. அயல்நாடு என்றால் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆத்திரேலியா; அயல்மொழி என்றால் ஆங்கிலம். இதற்கு மேல் உலகம் இல்லையென்பதே இங்குள்ள நினைப்பு. அந்நாடுகளோ அயல்நாட்டு மாணவரிடம் ஆண்டுக்குப் பல இலக்கம் உருபா கட்டணம் வாங்குகின்றன. ஆங்கிலம் ஒன்றையே அறிந்தவன் ஆங்கிலம் பேசும் நாட்டுக்கே போகிறான். அங்குக் கேட்கும் விலையைக் கொடுக்கிறான். கடன் சுமை ஏறுவது இவ்வாறுதான்.

செருமனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டாரிடமும் கற்பிப்புக் கட்டணம் பெறுவதில்லை. பருவந்தோறும் செலுத்தும் சிறு பங்குத்தொகையே உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க்கு மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறம்பானவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியது. பிரான்சும் 2019இல் கட்டணத்தை உயர்த்தியது. முதற்பட்டத்திற்கு அப்போது ஆண்டுக்கு 2,770 யூரோ என வகுத்தது. எனினும், பல பல்கலைக்கழகங்கள் அவ்வுயர்வை முழுமையாகச் செயற்படுத்தவில்லை. இந்நாடுகளில் ஆங்கில வழியிலும் சில படிப்புகள் உண்டு என்று இடைத்தரகர் சொல்வர். உண்மைதான், ஆனால், ஓவியமும் சிற்பமும் கலைவரலாறும் பெரிதும் அந்தந்த நாட்டு மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. தம் மொழியில் உயர்கல்வி தரும் அந்நாடுகளைக் கண்டேனும் தமிழ்நாட்டு ஆட்சியாளர் நாணுதல் வேண்டும்.

செலவே இல்லையென்று எவரும் ஏமாறவேண்டா. செருமனி செல்லும் மாணவர் தம் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென முடக்கப்பட்ட வைப்பில் 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ காட்ட வேண்டுமென விதித்தனர். உருபாவில் பத்திலக்கத்திற்கு மேல். உழவர் குடும்பத்திற்கு இது பெருந்தொகையே. ஆனால், அது கல்லூரி முதலாளியின் பெட்டிக்குள் போவதன்று. திங்கள்தோறும் மாணவரே எடுத்துண்ணும் பொருள். மேலும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே அங்குச் செல்வது எளிதன்று. இங்குக் கல்லூரியில் பயின்ற பின்னரே வழி செவ்வனே திறக்கும். ஆகலின், நான்காண்டு அரசு கவின்கலைக் கல்லூரியில் முதற்பட்டம். அந்நான்காண்டும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் செருமானியமோ பிரெஞ்சோ. அதன்பின் மேற்படிப்புக்குக் கடல்கடத்தல் என்பதே கைப்பொருள் குறைந்தார்க்கு ஏற்ற ஒழுங்கு. மாமல்லையில் கல்லைச் செதுக்கக் கற்ற பின் போகிறவன் கையில் அங்குள்ளார்க்குக் காட்ட ஒன்று இருக்கும்.

"தனித்தமிழ் பேசுவோர் பிரெஞ்சும் செருமானியமும் கற்கச் சொல்வது முறையோ?" என்று சிலர் வினவக்கூடும். தனித்தமிழ் என்பது தமிழைப் பிறமொழிக் கலப்பின்றிப் பேசுவதும் எழுதுவதுமேயன்றிப் பிறமொழி அறியாமை அன்று. மொழிஞாயிறு பாவாணர் பன்மொழி ஆராய்ந்தன்றோ தமிழ் வேர்ச்சொற்களை நிறுவினார்! பன்மொழி அறியாதவராயின் 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு அவர் இயக்குநராகி யிருத்தல் இயலுமோ?

தனிநாயக அடிகளார் வரலாறு இதனினும் தெளிவானது. யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913இல் பிறந்த அவர் உரோமையில் இறையியல் பயின்றார். பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். இத்தாலியமும் போர்த்துக்கீசியமும் அவருக்கு வந்தன. அதனாலன்றோ, 1554இல் இலிசுபனில் உரோம எழுத்தில் தமிழ் அச்சேறிய சிறுநூலைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொணர முடிந்தது! 1679இல் அச்சான புரோயன்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகரமுதலியை வாத்திகன் நூலகத்தில் கண்டு, 1966இல் மலேயாவில் மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவரே. ஆங்கிலம் ஒன்றே அறிந்த தமிழறிஞர் நூற்றுவர் இருந்தும் அந்நூல்கள் அதுகாறும் தமிழுலகின் கண்ணிற் படவில்லை. ஐரோப்பிய நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தமிழர் ஓலைகளும் செப்புத் திருமேனிகளும் இன்னும் எத்துணையோ உள்ளன. அவற்றைப் பற்றி அந்நாட்டார் தம் மொழியில் எழுதி வைத்துள்ளதைப் படிக்கத் தமிழ்ப்பிள்ளைகள் வேண்டாவோ?

மூன்றாம் மொழி என்று சொல்லி இந்தியைத் திணிக்க வருவார்க்கும் விடை இதிலேயே உண்டு. 1968இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை வகுத்தது பள்ளியில் திணிப்பைத் தடுக்கவே. கல்லூரி சென்ற தமிழ் இளைஞர் தாமே விரும்பி எம்மொழி கற்பினும் கற்கலாம். தம் கலைக்கும் பிழைப்புக்கும் உலகக் கதவைத் திறக்கும் மொழியை அவர்களே தேர்வார்கள். தில்லி தேர்ந்து தர வேண்டுவதின்று.

தமிழ்நாட்டரசு இதற்குச் செய்யவேண்டுவதும் பெரிதன்று. அரசு கலைக்கல்லூரிகளிலேயே மாலை வேளையில் இரண்டோர் அயல்மொழிகளைக் கட்டணமின்றிக் கற்பித்தால் போதும். ஆகும் செலவு சில ஆசிரியர் சம்பளமே.

தில்லி அரசு செய்த வேலையோ வேறு. பட்டியல் வகுப்பினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோர் பிள்ளைகள் வெளிநாட்டில் மேற்படிப்புப் பயில அது நல்கும் உதவித்தொகை ஒன்றுண்டு. 2022இல் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, குமுகாயம் பற்றிய படிப்புகளுக்கு அதனைப் பெறவொண்ணாது என விலக்கினர். தலைமுறை தலைமுறையாகக் கல் செதுக்கிய குடியின் மகன் செருமனி சென்று வேறெதனை வேண்டுமானாலும் ஆராயலாம். தன் பாட்டன் செதுக்கிய கல்லை ஆராய்வதற்கு மட்டும் ஒரு காசும் கிடையாது என்பதே அத்திருத்தத்தின் பொருள். தமிழ்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தில்லியில் எழுப்ப வேண்டிய வினா இது.