தலைவர் வீட்டுக் கணக்கு

தொழிலாளர் தலைவர்களின் சரித்திரம் எழுதுகின்றவர்கள் ஒரு வழக்கம் வைத்துக் கொண்டிருக்கின்றார்கள். தலைவர் எத்தனை கூட்டத்தில் பேசினார், முதலாளிக்கு எப்படி வளைந்து கொடுக்காமல் இருந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் அன்னார் நல்ல குடும்பஸ்தராகவும் விளங்கினார் என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் அடுப்பு எப்படி எரிந்தது, வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பாரில்லை. வருஷக் கணக்காய்ச் சம்பளமில்லாமல் பொது வேலை செய்தார் என்றால், அத்தனை வருஷமும் காற்றைக் குடித்துக் கொண்டா உயிர் வாழ்ந்தார் என்று நாம் கேட்கின்றோம்.

அமெரிக்காவில் கறுப்பர்களின் தொழிற்சங்கத்திற்கு வழி வகுத்தவரான தோழர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் கதையை எடுத்துக் கொள்வோம். 1889-ல் ஃப்ளோரிடாவில் பிறந்தவர். தகப்பனார் தையற்காரர், பாதிரியும்கூட. மகனோ, எந்தத் தெய்வமும் வந்து காப்பாற்றப் போவதில்லை, மனிதன்தான் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டும் என்ற 1973-ம் வருஷத்து மனிதநேய அறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர்.

அந்நாட்டு ரயில்களில் புல்மன் கம்பெனியின் படுக்கை வண்டிகள் ஓடின. பிரயாணிக்குப் படுக்கை விரிப்பது, பூட்ஸ் துடைப்பது, நடு இரவில் மணியடித்தால் ஓடுவது ஆகிய வேலைகளுக்குக் கறுப்பர்களையே வைத்திருந்தார்கள். மாதம் 400 மணி நேரம் வரை வேலை. சம்பளமோ பிரயாணி வீசும் இனாமை நம்பித்தான் வயிறு கழுவ வேண்டும் என்கின்ற அளவில் இருந்தது. இவை ஒருபுறமிருக்க, இவர்களுக்கு ஒரு பெயரும் கிடையாது. எவனாயிருந்தாலும் "ஜார்ஜ்" என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமை நாளில் எஜமானன் பெயரால் அடிமையை அழைத்த வழக்கம், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பின்பும் ரயிலேறி வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இந்த வழக்கத்தை எதிர்த்து ஒரு சங்கமே கிளம்பியது. யார் கிளப்பினார்கள்? ஜார்ஜ் என்று பெயர் வைத்துக் கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்! போர்ட்டருடைய மானம் போகிறதே என்றல்ல, தங்கள் பெயரின் மானம் போகிறதே என்று.

இந்தப் போர்ட்டர்கள் 1925 ஆகஸ்டில் நியூயார்க் ஹார்லெமில் சங்கம் கண்டபோது ராண்டால்ஃபைத் தலைவராக்கினார்கள். அவர் ஒரு நாளும் போர்ட்டர் வேலை பார்த்தவரல்லர். ஆதலால் கம்பெனியால் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. இதுவே அவரைத் தேடிப் பிடித்ததற்கு முக்கிய காரணம். ஆனால் நீக்குவதற்கு வேலை இல்லாதவனுக்கு உண்பதற்குச் சம்பளமும் இல்லையல்லவா?

இங்கேதான் அவருடைய மனைவியார் தோழர் லூசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வம்மையார் அவரைவிட ஆறு வயது மூத்தவர், விதவை, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வாக்கர் அம்மையாரின் பயிற்சிக் கூடத்தில் கூந்தல் அலங்காரத் தொழில் கற்று ஹார்லெமில் சொந்தக் கடை வைத்து நல்ல வருமானம் சம்பாதித்துக் கொண்டிருந்தார். 1914-ல் இருவரும் மணந்தனர். ராண்டால்ஃபுக்கு அப்போது நிலையான வேலை எதுவும் இல்லை. 1917-ல் அவர் நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் "மெஸஞ்சர்" பத்திரிகையை ஆரம்பித்தபோது அதற்குப் பணம் வந்த இடம் அந்தக் கடைதான். பத்திரிகையை விற்ற இடங்களிலும் அது ஒன்று. கணவரின் அபிப்பிராயங்கள் பிடிக்காமல் வாடிக்கைக்காரர்கள் பலர் கடையை விட்டு நின்றுவிட்ட காலத்திலும் அம்மையார், நீர் வாயை மூடிக் கொள்ளும் என்று அவரிடம் சொன்னதாக இல்லை. இருவரும் ஒருவரையொருவர் "தோழா" என்ற பொருள்படும் ஒரே செல்லப் பெயரால் அழைத்துக் கொண்டார்கள். நாம் அறிந்தவரை குடும்பஸ்தர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

நிற்க. சங்கம் வளர்ந்த கதையும் இப்படித்தான். கம்பெனியின் ஒற்றர்கள் எங்கும் இருந்தார்கள். பாதிரிமார் பலரும், கம்பெனியின் விளம்பரக் காசு வாங்கிய பத்திரிகைகள் சிலவும் சங்கம் வேண்டாம் என்றே உபதேசித்தன. சந்தா கொடுத்தான் என்று தெரிந்தால் போர்ட்டரின் வேலை போய்விடும். ஆகவே சந்தா வசூலித்தவர்கள் பெண்கள். வாஷிங்டன் நகரில் தோழர் ரோசினா டக்கர் என்பவர் வீடு வீடாகச் சென்று போர்ட்டர்களின் மனைவிமாரிடம் பேசி, பணம் வாங்கி, சங்கத்துக்கு அனுப்பி வந்தார். விஷயம் வெளிப்பட்டதும் கம்பெனி அவருடைய கணவரை வேலையை விட்டு நீக்கிற்று. அம்மையார் நேரே மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்து, மேஜையைத் தட்டி, நான் செய்கிற காரியத்துக்கும் என் கணவர் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எத்தனை ஆண் பிள்ளைகள் அந்த மேஜையைத் தட்டியிருப்பார்கள்?

1928-ல் அறிவித்த வேலை நிறுத்தத்தைக் கைவிட நேர்ந்தபின் அங்கத்தினர் ஆயிரக்கணக்கில் கழன்று போய், 1933-ல் ஆயிரத்திற்கும் கீழே வந்துவிட்டார்கள். அந்த இருண்ட வருஷங்களைத் தாங்கி நின்றதால்தான் 1937 ஆகஸ்ட் 25-ல், சங்கம் தோன்றிச் சரியாகப் பன்னிரண்டு வருஷத்தில், புல்மன் கம்பெனி கையொப்பமிட்டது. வேலை மாதம் 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. பிறகு 1941-ல், வாஷிங்டன் மீது ஊர்வலம் வருவோம் என்று ராண்டால்ஃப் சொன்ன ஒரு சொல்லுக்கே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யுத்தத் தொழிற்சாலைகளில் நிறபேதம் கூடாதென்று உத்தரவிட்டதும், 1948-ல் ட்ரூமன் பட்டாளத்துக்கு அவ்வாறே செய்ததும் எல்லோரும் அறிந்த சங்கதி.

ஆனால் 1963 ஆகஸ்டில் நடந்ததை நாம் மறைக்கப் போவதில்லை. இரண்டரை லட்சம் பேர் வாஷிங்டனில் திரண்ட அந்த மகா ஊர்வலத்துக்குத் தலைமை வகித்தவர் எழுபத்து நான்கு வயது ராண்டால்ஃப். அன்றையத் தலைமைப் பிரசங்கிகளின் ஜாபிதாவில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஏற்பாட்டுக் கமிட்டியில் இருந்த ஒரே பெண் தோழர் அன்னா ஹெட்ஜ்மன் முன்கூட்டியே எழுதிக் கேட்டார். அதன் பேரில் பெண்களுக்குப் "பாராட்டு" என்று ஒன்றைப் புகுத்தி, தோழர் டெய்சி பேட்ஸ் சில வாக்கியம் பேசுவதோடு நிறுத்திக் கொண்டார்கள். பெண் தலைவர்கள் ஊர்வலத்தில் நடந்ததும் வேறு தெருவில். இது போதாதென்று, இரண்டு நாள் முன்னதாக ராண்டால்ஃப் தேசியப் பத்திரிகைக் கழகத்தில் பேசப் போனார். அங்கே பெண் நிருபர்கள் கீழே உட்காரக் கூடாது, மாடத்தில்தான் இருக்க வேண்டும். கறுப்பர்களைப் பஸ்ஸின் பின் பக்கம் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன பேதம் என்று தோழர் பாலி மர்ரி அவருக்கு எழுதியே கேட்டார். அப்படியும் அவர் போய்ப் பேசினார்.

போர்ட்டரை "ஜார்ஜ்" என்று கூப்பிட்டதில் இருந்த இழிவைக் கண்டுகொண்ட கண், மாடத்தில் இருந்த இழிவைக் காணவில்லை. அவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. வீட்டில் தோழராக நடத்தியவரே மேடைக்கு வந்ததும் ஆண்பிள்ளை ஆகிவிட்டார் என்றுதான் சொல்லுகின்றோம். அவர் பத்திரிகைக்கு மூலதனமாயிருந்த லூசில் அம்மையார், நீண்ட நாள் நோயில் சக்கர நாற்காலியில் கழித்து, அந்த ஏப்ரலில்தான் இறந்து போயிருந்தார். அவர் இருந்து பார்த்திருந்தால் அவருக்கும் அந்த மேடையில் இடமிருந்திராது.

தேசியப் பத்திரிகைக் கழகம் பெண் நிருபர்களை அங்கத்தினராகச் சேர்த்துக் கொண்டது 1971-ல். அப்போது ராண்டால்ஃப் சங்கத் தலைமையை விட்டு மூன்று வருஷமாகியிருந்தது.