வயலுக்குக் கொண்டுபோகும் பாட்டிலுக்கு எந்த மூடி?

மாமல்லபுரம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் நிலக்கடலை பயிரிடும் வாசகர் ஒருவர், தண்ணீர் பாட்டிலுக்கு எந்த மூடி நல்லது என்று கேட்டிருக்கிறார்.

திருகு மூடியே ஏற்றது. வாய் வைக்கும் இடத்தை முழுவதும் மூடிவிடுவதால் மணலோ, மருந்துச் சாரலோ அங்கே படியாது. உறிஞ்சுகுழாய் மூடியில் மருந்து பட்ட விரல் தொடும் இடத்திலேயே உதடும் படும். குழாயின் உட்புறத்தைக் கழுவுவதும் கடினம். அகன்ற வாயும், கழற்றிக் கழுவக்கூடிய ரப்பர் வளையமும் உள்ளதா என்று பார்த்து வாங்கவும். நீர் நிரப்பிக் கவிழ்த்தால் சொட்டக் கூடாது.

மருந்தடிக்கும் நாளில் பாட்டிலைச் சாரல் எட்டாத நிழலில் வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே திறக்கவும். காலி மருந்து பாட்டிலையோ, அதன் மூடியையோ எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அவை மறுபடி பயன்படாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதி.